எழுத்துரு மாற்றி நிரலில் பிழைதிருத்தம்

எழுத்துரு மாற்றி நிரல் என்பது பழைய எழுத்துருவில் தட்டச்சான தமிழை, வலைப்பக்கம் திறக்கும்போதே யுனிகோடாக மாற்றிக் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். சுரதா உருவாக்கிய புகழ்பெற்ற பொங்குதமிழ் மாற்றி, பெட்டியில் ஒட்டிய உரையை மாற்றித் தரும் இன்னொரு வகை.

1991இல் வெளியான யுனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. கணினிகள் அதை ஒழுங்காகக் காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் ஆளுக்கொரு குறியேற்றம் பிறந்தது. மின்னஞ்சல் குழுவில் விவாதித்து உருவானது டிஸ்கி. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு அறிவித்தவை டாம், டாப். ஈழத்தில் பரவியது பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தது அது. ‘அம்மா’ என்பது அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே சேமிக்கப்படும். இத்தனை பிரிவினைக்கும் யுனிகோடே சரியான முடிவு. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றது.

பிழைகள் பெரும்பாலும் மாற்றும் வரிசையில் பிறக்கின்றன. பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யுனிகோடில் ககரம் முதலில் வரவேண்டும். ஆகவே மூன்றும் சேர்ந்த கூட்டையே முதலில் தேட வேண்டும். ஒரே உரையை இருமுறை மாற்றுவதும் பிழை தரும். பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது ‘இ’. பெரிது என்னும் கணிதக் குறியே அங்கு காற்புள்ளி. நிரல் தான் மாற்றிய உரையைத் தானே மறுபடி மாற்றினால், காற்புள்ளிகள் எல்லாம் ‘இ’ ஆகிவிடும். உள்ளடக்கம் மாறுவதைக் கவனித்து இயங்கும் நிரல்களில் இது வாடிக்கை. எழுதும் நேரத்தில் கவனிப்பை நிறுத்திவைப்பதே தீர்வு. ஹெச்டிஎம்எல் முழுவதையும் மாற்றினால் குறிச்சொற்களும் தமிழாகிப் பக்கம் சிதையும். உரைக்கணுக்களை மட்டுமே தொடவேண்டும்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது ஔகாரப் பிழை. ஔகாரத்தின் பின்பகுதியும் ளகரமும் ஒரே விசை என்பதால் ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆகிறது. ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் ஔகாரம் அன்று என்னும் விதி இதைத் தடுக்கும். ஆனால் விருதுநகர், சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் பேச்சில் ‘வெளக்கு’, ‘வெளஞ்சது’ உண்டு. அங்கே ‘வௌக்கு’ என்று கெடுவதை அந்த விதி தடுக்காது.

சிவகாசி அச்சகங்களின் பழைய டி.டி.பி. கோப்புகளை வலையேற்றுவோருக்கும் இச்சிக்கல்கள் வரும். இன்று புதிய பக்கங்கள் யுனிகோடிலேயே வருகின்றன. பழையவற்றுள் வட்டார வழக்கு உரைகளை மட்டும் மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்தே வெளியிட வேண்டும்.