மீட்டரில் 80, சாலையில் 100: பழைய காரில் கியர், டயர் மாற்றும் முன் இதை கவனிங்க!

ஞாயிறு காலை ஈசிஆர் பக்கம் போனால் ஒன்றிரண்டு பழைய கார்களையாவது பார்க்கலாம். பளபளவென பாலிஷ் போட்ட கான்டெசா, அம்பாசிடர், பத்மினி என மாமல்லபுரத்தை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் உள்ளே இருப்பவருக்கு 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் இன்ஜின் அலறல் காதை அடைக்கும்.

"கிரவுன் மாத்திடுங்க", "பெரிய டயர் போடுங்க, சத்தம் குறைஞ்சிடும்" என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியாமல் செய்தால் பணமும் போகும், ஆபத்தும் வரும். முழு விவரத்தை இங்கே பார்க்கலாம்.

இந்தியாவின் 'மசில் கார்' எது?

மசில் கார் என்பது அமெரிக்காவில் 1960-களில் பிரபலமான வகை. நடுத்தர அளவு உடல், அதற்குள் மிகப்பெரிய வி8 இன்ஜின். 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ இதற்கு முக்கிய உதாரணம்.

நம் ஊரில் அந்தப் பட்டப்பெயர் கான்டெசாவுக்குத்தான் கிடைத்தது. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் காரை அடிப்படையாகக் கொண்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் தயாரித்த கார் இது. நீளமான பானெட், பின்சக்கர இயக்கம் என தோற்றம் அசத்தல். ஆனால் தொடக்கத்தில் அதற்குள் இருந்தது 1,489 சிசி இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன், 4 கியர். பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் மாடலில்தான் 5-வது கியர் கிடைத்தது.

இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் இதேபோல ஒரு கதை உண்டு. ஜிஎஸ்டி சாலையில் பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் நிறுவனம், 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' காரை வெளியிட்டது. வடிவம் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே அந்தக் காரில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின் கூட வந்தது. இங்கே பொருத்தப்பட்டதோ 1,991 சிசி பழைய இன்ஜின். 1988-லேயே உற்பத்தி நின்றுபோனது.

இரண்டு கார்களிலும் விஷயம் ஒன்றுதான். உடம்பு பெரிது, இன்ஜின் சிறிது. அதனால் அமெரிக்க வீடியோவைப் பார்த்து கியர், டயர் அளவை அப்படியே இங்கே காப்பியடிக்க முடியாது.

கிரவுன் - பினியன் என்ன செய்கிறது?

பின்சக்கர இயக்கக் காரில், கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சி பின் ஆக்சிலில் உள்ள பினியன் என்ற சிறிய பல்சக்கரத்துக்கு வருகிறது. அது கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 9 பல் என்றால் விகிதம் 4.55. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, பினியன் நாலரை முறைக்கு மேல் சுற்ற வேண்டும்.

இந்த எண் பெரிதாக இருந்தால் இழுவை நன்றாக இருக்கும், ஆனால் வேகத்தில் இன்ஜின் அலறும். எண் சிறிதாக இருந்தால் வேகத்தில் அமைதி, ஆனால் சிக்னலில் கிளம்பும்போது வண்டி திணறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

175/70 ஆர் 13 டயர் உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவீதம். 13 என்பது ரிம்மின் அங்குல அளவு. இந்த டயரின் மொத்த விட்டம் சுமார் 575 மி.மீ.

டாப் கியரின் விகிதம் 1, ஆக்சில் விகிதம் 4.55 என்றால், 80 கி.மீ. வேகத்தில் இன்ஜின் சுமார் 3,360 ஆர்பிஎம்மில் ஓடும். இதைக் குறைக்க மூன்று வழிகள் இருக்கின்றன.

1. பெரிய டயர்: 185/70 ஆர் 14 போட்டால் விட்டம் சுமார் 615 மி.மீ. ஆகும். ஆர்பிஎம் சுமார் 3,150-க்கு இறங்கும். குறைவது 6 சதவீதம் மட்டுமே.

2. ஆக்சில் மாற்றம்: விகிதத்தை 3.9 ஆக்கினால், பழைய டயரிலேயே சுமார் 2,880-க்கு இறங்கும். ஆனால் முதல் கியர் உட்பட எல்லா கியரிலும் இழுவை 14 சதவீதம் குறையும்.

3. 5-வது கியர்: 0.85 விகிதமுள்ள ஓவர்டிரைவ் கியர் இருந்தால் சுமார் 2,860. கீழ் கியர்களின் விகிதம் பழையதை ஒட்டியே இருந்தால் இழுவையும் அப்படியே இருக்கும்.

சிறிய 4 சிலிண்டர் இன்ஜினுக்கு 2,500 முதல் 3,000 ஆர்பிஎம் வரை என்பது நிதானமான பயணத்துக்கு ஏற்ற அளவு. அமெரிக்க வி8 காரில் 235/70 ஆர் 15 டயரும் 3.08 ஆக்சிலும் இருந்தால், இதே வேகத்தில் 1,850-க்குக் கீழே ஓடும். அந்த இன்ஜினுக்கு அது போதும். நம் ஊர் 1.5 லிட்டர் இன்ஜினை அவ்வளவு கீழே இறக்கினால் 'நாக்கிங்' சத்தம்தான் வரும்.

மீட்டர் பொய் சொல்லும்

பலரும் கவனிக்காத விஷயம் இதுதான். பழைய கார்களில் ஸ்பீடோமீட்டர் கேபிள் பொதுவாக கியர்பாக்ஸின் பின்பகுதியிலிருந்து வருகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆக்சிலையோ டயரையோ மாற்றினால் அந்த மீட்டருக்குத் தெரியாது.

மேலே சொன்ன காரில் டயரை மட்டும் மாற்றினால், மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 85-க்கு மேல். ஆக்சிலை மட்டும் மாற்றினால் 93. இரண்டையும் சேர்த்து மாற்றினால் கிட்டத்தட்ட 100!

80-ல் போகிறோம் என நினைத்து, பழைய பிரேக்கை நம்பி 100-ல் போவது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. வேகம் கூடினால் பிரேக் தூரம் அதன் இருமடிப் பெருக்கத்தில் கூடும். 80-லிருந்து 100 என்றால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல். வேகக் கேமராவில் சிக்கினால் "மீட்டர்ல 80தான் சார் இருந்துச்சு" என்ற பதில் எடுபடாது. கார்களுக்கு சட்டப்படி ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை அபராதம் உண்டு.

சரிபார்ப்பது எளிது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செல்போன் ஜிபிஎஸ் வேகத்தை மீட்டரோடு ஒப்பிடலாம். அல்லது மீட்டரில் 60-ஐ சீராக வைத்து, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை நொடி என்று எண்ணலாம். 60 நொடி என்றால் மீட்டர் சரி. 51 நொடியிலேயே வந்துவிட்டால் நீங்கள் போனது 70.

ஈசிஆருக்கு எது பொருந்தும்?

இந்த வழித்தடத்துக்கு இரண்டு முகம் உண்டு. திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் தாண்டும்வரை சிக்னல், பஸ், குறுக்கே வரும் டூவீலர்கள். இங்கே இழுவை வேண்டும். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டி முட்டுக்காடு, கோவளம் வழியாக மாமல்லபுரம் வரை சாலை திறந்து கிடக்கும். இங்கே அமைதி வேண்டும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வருபவர்களுக்கு ஊர், வேகத்தடை, திறந்த சாலை என மாறி மாறி வரும். இங்கே அடிக்கடி கியர் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆக, இரண்டுக்கும் சேர்த்து ஒத்துவருவது 5-வது கியர்தான். செலவும் வேலையும் அதிகம் என்பது உண்மை. அது முடியாவிட்டால் ஆக்சிலைத் தொடாமல் 65 - 70 கி.மீ. வேகத்தில் போவதே மேல். கணக்கில் பார்த்த அதே கார் 65-ல் போனால் ஆர்பிஎம் சுமார் 2,730தான். ஒரு ரூபாய் செலவில்லை!

டயரை எதற்காக மாற்ற வேண்டும்?

ஆர்பிஎம் குறைக்க அல்ல, சொகுசுக்கும் பாதுகாப்புக்கும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால் பள்ளம், வேகத்தடையின் அடி குறைவாகத் தெரியும். 'லுக்'குக்காகப் பெரிய ரிம்மும் பட்டையான டயரும் போட்டால் சொகுசு போய்விடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் அகலமான டயர் போட்டால், பார்க்கிங்கில் கை வலிக்கும். திருப்பும்போது மட்கார்டில் உரசவும் கூடும்.

* மொத்த விட்டம் ஒரிஜினல் அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் மாறாமல் பாருங்கள்.
* பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு வாரம், வருடம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். குறைவாக ஓடும் காரில் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டுவிடும்.
* லோடு இண்டெக்ஸ் ஒரிஜினலைவிடக் குறையக் கூடாது. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும்.
* பழைய ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்று கேட்டுவிட்டு மாட்டுங்கள்.
* காற்றழுத்தத்தை டயர் சூடாகும் முன் பாருங்கள்.
* கடலோரம் ஓட்டி வந்தால் ரிம்மையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் காற்று இரும்பை அரிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே இன்ஜின் போன்ற பெரிய மாற்றம் என்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

50 வயது தாண்டிய காரா? 2021-ல் வந்த விதிகளின்படி அதை 'விண்டேஜ்' ஆகப் பதிவு செய்யலாம். ஆனால் கார் பெரிய மாற்றங்கள் இல்லாமல் ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும். இன்று ஆசைக்குச் செய்யும் மாற்றம், நாளை அந்த அங்கீகாரத்துக்கே தடையாகலாம்.

எனவே கழற்றும் ஒரிஜினல் கிரவுன், பினியன், ரிம் எதையும் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். எதை மாற்றினாலும் முதல் பயணத்திலேயே மீட்டரைச் சரிபாருங்கள். அதன் பிறகு, மாமல்லபுரம் வரை நிதானமாகப் போய் வரலாம்.