வாக்குறுதியும் எழுத்தும்: முதலீட்டாளர் எதிர்பார்ப்பு, மறைமுகக் கையகப்படுத்தல் குறித்த இந்திய நிலைப்பாட்டின் வளர்ச்சி

திருக்கோவிலூருக்குத் தெற்கே உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை அமைக்க, தைவானின் பௌ சென் குழுமம் 2023 ஏப்ரலில் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. முதலீடு 2,302 கோடி ரூபாய்; 20,000 பேருக்கு வேலை. இத்தகைய ஆலை எதுவாயினும், பின்னாளில் அரசின் நடவடிக்கையால் உடைமை முதலாளியிடமே இருக்க, அதன் பயன் மட்டும் பறிபோகக்கூடும். இதுவே மறைமுகக் கையகப்படுத்தல். அங்கே முதலீட்டாளரின் எதிர்பார்ப்புக்கு எவ்வளவு எடை என்பதில் இந்தியாவின் நிலைப்பாடு மாறிவந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. எதிர்பார்ப்பின் எழுச்சி

முதலீட்டாளர்–அரசு நடுவர் வழக்குகளுள் ஒன்றான மெட்டல்கிளாட் வழக்கில், மெக்சிகோவின் மத்திய அரசு ஒப்புதல் தந்த கழிவுக் கிடங்குக்கு நகராட்சி கட்டட அனுமதி மறுத்தது. நியாயமாக எதிர்பார்த்த பொருளாதாரப் பயனை இழக்கச் செய்வதும் கையகப்படுத்தலே என 2000இல் நடுவர் தீர்ப்பாயம் கூறியது. டெக்மெட் தீர்ப்பு (2003) எதிர்பார்ப்பை, 'நியாயமும் சமத்துவமுமான நடத்துமுறை' என்ற தனிக் கடமைக்குள் கொண்டுவந்தது. மெத்தனெக்ஸ் தீர்ப்பு (2005) கடிவாளமிட்டது: பொதுநலனுக்காகப் பாகுபாடின்றி, உரிய நடைமுறைப்படி கொண்டுவரும் விதிமுறை, அரசு குறிப்பான உறுதிமொழி தந்திருந்தாலன்றிக் கையகப்படுத்தல் ஆகாது.

2. இந்தியாவின் அனுபவம்

ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் (2011) அந்த ஆஸ்திரேலிய நிறுவனத்தின் எதிர்பார்ப்பு வாதமும் கையகப்படுத்தல் வாதமும் தோற்றன. இந்திய நீதிமன்றத் தாமதமே அதற்கு வெற்றி தந்தது. அலைக்கற்றை தொடர்பான தேவாஸ் வழக்கில் 2016இல் கையகப்படுத்தல் நடந்ததாகத் தீர்ப்பானது.

தமிழகத்தைத் தொட்டது நிசான் வழக்கு. ஒரகடம் ஆலைக்கான 2008ஆம் ஆண்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தப்படி வர வேண்டிய ஊக்கச்சலுகை நிலுவை என்று கூறி, இழப்பீடும் சேர்த்து 5,000 கோடி ரூபாய்க்கு மேல் கோரி, இந்திய–ஜப்பான் பொருளாதார உடன்படிக்கையின்கீழ் 2017இல் அந்நிறுவனம் நடுவர் மன்றம் சென்றது. ஆலை ஓடிக்கொண்டிருந்தது, யாரும் அதைப் பறிக்கவில்லை. மீறப்பட்டதாகச் சொல்லப்பட்டது வாக்குறுதி மட்டுமே. இந்தியா ஆட்சேபித்தும், தனக்கு விசாரணை அதிகாரம் உண்டு எனத் தீர்ப்பாயம் 2019இல் முடிவுசெய்தது. 2020இல் சமரசம் ஏற்பட்டதால், அந்த வாக்குறுதியின் சட்ட வலிமை தீர்மானிக்கப்படாமலே போயிற்று.

3. 2015 மாதிரி ஒப்பந்தம்

இதற்கிடையே இந்தியா 58 நாடுகளுக்கு இருதரப்பு முதலீட்டு ஒப்பந்த முறிவு அறிவிப்பு அனுப்பியது. இத்தகைய ஒப்பந்தங்களுக்கென இந்தியா வகுத்த 2015 மாதிரி ஒப்பந்தத்தில் 'நியாயமும் சமத்துவமுமான நடத்துமுறை' இல்லை. வரி நடவடிக்கைகளும் விலக்கப்பட்டன. மறைமுகக் கையகப்படுத்தலை அளக்கப் பொருளாதாரத் தாக்கம், கால அளவு, நடவடிக்கையின் தன்மை ஆகியவற்றோடு, கட்டுப்படுத்தத்தக்க முன் எழுத்துறுதி மீறப்பட்டதா என்பதும் பார்க்கப்படும். முதலீட்டாளர் மனத்தில் வளர்த்த நம்பிக்கைக்கு இங்கு இடமில்லை. 2018இல் தைவானுடன் கையெழுத்தான உடன்படிக்கையும் இந்த மாதிரியை அடியொற்றியதே.

4. முடிவு

மாதிரி ஒப்பந்தம் முதலில் உள்நாட்டு நீதிமன்றங்களை நாடச் சொல்கிறது. அங்கே நிலைமை வேறு. மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில் (1979), முறையான ஒப்பந்தம் இல்லாதபோதும், அரசின் வரிவிலக்கு வாக்குறுதியை நம்பி ஒருவர் முதலிட்டிருந்தால் அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, பன்னாட்டு அரங்கில் குறுகிய எதிர்பார்ப்புக்கு உள்நாட்டுச் சட்டமே கூடுதல் இடம் தருகிறது. உளுந்தூர்பேட்டை போன்ற இடங்களில் சலுகைப் பூசல் எழுந்தால், முதலீட்டாளருக்கு வலுவான களம் அயல்நாட்டுத் தீர்ப்பாயத்தைவிடச் சென்னை உயர் நீதிமன்றமாகவே இருக்கக்கூடும்.