பிளேக் பாஸ்போர்ட்டிலிருந்து ஆரோக்ய சேது வரை

உத்தனப்பள்ளிக்குப் பக்கத்துக் காலனியில் ஒரு அக்கா. ஓசூர்ப் பக்கம் கம்பெனி ஒன்றில் ஒப்பந்த வேலை. 2021-இல் அரசு முகாமில் கொரோனா பரிசோதனைக்குக் கொடுத்தார். முடிவு அவர் கைக்கு வருவதற்கு முன்பே ஒப்பந்தக்காரருக்குப் போய்விட்டது. "நாளையிலிருந்து வேனுக்கு வராதே" என்று போன். பட்டியல் எப்படிக் கைமாறியது என்று கேட்க அவருக்கு ஓர் இடமும் இல்லை.

இதன் வேர் பழையது தோழர்களே. 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். ரயில் பயணிகளைச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம். நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொன்னால் அதிகாரி மேல் வழக்கு இல்லை. நோயாளியின் விவரம் யாரிடம் இருக்கலாம், யாருக்குத் தரலாம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. 1898-இல் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. நம் ஓசூர் அப்போது சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டம். நோய் கண்ட ஊர்களிலிருந்து மாகாணத்துக்குள் வந்தவர் கையில் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள்; சில நாட்களுக்கு அதிகாரியிடம் போய் உடம்பைக் காட்ட வேண்டும். (ஜூஜூவாடி செக்போஸ்டில் இ-பாஸோடு நின்றவர்களுக்கு இது விளங்கும்.)

2020-இலும் அதே சட்டம்தான் எடுக்கப்பட்டது. மே 1 அன்று தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக மிஞ்சியிருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. அன்றுதான் உள்துறை அமைச்சகம், அரசு, தனியார் ஊழியர் எல்லோருக்கும் ஆரோக்ய சேது கட்டாயம், நூறு சதவீதம் ஏற்ற வைப்பது நிறுவனத் தலைவர் பொறுப்பு என்றது. தொழிலாளியின் உடல்நிலையை அரசுக்காகக் கண்காணிக்கும் வேலை முதலாளிக்குப் போனது. மே 17-இல் 'முடிந்தவரை' என்று தளர்த்தினார்கள். கேட்டில் நின்ற காவலாளிக்கு அந்தத் தளர்வு எட்டியதா என்பது வேறு கதை.

கேரளத்தில் கேட்டார்கள். நோயாளிகள் விவரம் ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போனதை எதிர்த்து வழக்கு. 2020 ஏப்ரல் 24 அன்று உயர் நீதிமன்றம், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டே கொடு, மூன்றாம் ஆள் பார்ப்பான் என்று மக்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கு என்று இடைக்கால உத்தரவிட்டது. நோய் விவரம் நோயாளியுடையது என்று அங்கே எழுத்தில் வந்தது.

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கொள்ளைநோய்க் காலத்தில் சிகிச்சைக்காக ஒப்புதலின்றி விவரத்தைப் பயன்படுத்தலாம். சரி, உயிர் காக்கத் தேவைதான். அதே பிரிவில் கொஞ்சம் கீழே, வேலைவாய்ப்பு நோக்கத்துக்கும், முதலாளியை நட்டத்திலிருந்து காக்கவும் ஒப்புதல் வேண்டாம் என்கிறது. அடுத்த தொற்றில் அக்காவின் பெயர் மறுபடி கைமாறினால், ஒப்பந்தக்காரர் இந்த வரியைத்தான் காட்டுவார்.