ஒரு கப்பற் பயணமும் இரண்டு பந்தயங்களும்

துவிச்சக்கர வண்டிப் பந்தயத்தைக் காணச் செல்வோர், தொடக்கக் கோட்டிலே துப்பாக்கி வெடித்ததும் பந்தயம் ஆரம்பமாயிற்று என்று எண்ணுவர். கடல் கடந்து போட்டிக்குச் சென்ற அமெச்சூர் வீரருக்கோ, அவ்வேளையில் பந்தயத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது எனலாம். தொழில் செய்யும் இடத்தில் விடுமுறை கேட்டல், கப்பற் கட்டணம் சேர்த்தல், வண்டியைக் கழற்றிப் பெட்டியில் அடைத்தல், சுங்கப் பத்திரம் பெறுதல், அயல்நாட்டிலே தங்குமிடம் தேடுதல் ஆகிய இத்தனையும் நிறைவேறிய பின்னரே அவர் அந்தக் கோட்டில் வந்து நிற்கின்றார். இவ்வளவு பாடுபட்டுக் கடல் கடந்தவர் ஒரே பந்தயத்தோடு வீடு திரும்புவது பெரும் நட்டம். ஆதலின், அடுத்தடுத்து நிகழும் பந்தயங்களை ஒரே பயணத்திற் கோத்துக்கொள்ளும் வழக்கம் இவ்விளையாட்டின் இளமைக் காலந்தொட்டே இருந்து வந்தது.

அமெச்சூர் என்பவர் யார்? விளையாட்டின் மீதுள்ள பற்றினால் மட்டும் விளையாடுபவர்; பணப் பரிசு பெறாதவர்; வண்டிக் கம்பனியிடம் சம்பளம் வாங்காதவர். சொல்லளவில் இது மிக அழகிய இலட்சியம். ஆயினும் ஓய்வும் செல்வமும் உடையோர் வகுத்த இலட்சியம் அது என்பதை மறத்தலாகாது. பிரபுவின் மகனுக்குக் கப்பற் கட்டணம் ஒரு பொருட்டன்று. தொழிற்சாலையிலே வாரக் கூலி பெறும் இளைஞனுக்கோ, கட்டணத்தைப் பிறர் கொடுத்தாலன்றிப் பயணமே இல்லை. கொடுப்பவர் வண்டிக் கம்பனியாராயின் அவன் அமெச்சூரே அல்லன். இந்தச் சிக்கல் ஒரு நூற்றாண்டுக் காலம் அவிழாமலே இருந்தது.

சர்வதேசத் துவிச்சக்கர வண்டிச் சங்கம் 1892 ஆம் ஆண்டில் இலண்டனில் அமைக்கப்பட்டது. மறு ஆண்டு, உலகப் பொருட்காட்சி நடைபெற்ற சிக்காக்கோ நகரிலே முதலாவது உலகப் போட்டிகள் நிகழ்ந்தன. அமெச்சூர்களுக்கு மட்டுமே உரிய அப்போட்டிகளில் விரைவோட்டத்தையும் பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்தையும் அமெரிக்கரான ஆதர் சிமர்மன் வென்றார். நூறு கிலோமீற்றர் ஓட்டத்தில் வென்றவர் தென்னாபிரிக்காவைச் சேர்ந்த லோரன்ஸ் மெயின்கீஸ். ஆபிரிக்காவின் தென்முனை எங்கே, சிக்காக்கோ எங்கே! அத்துணைத் தூரம் வந்தவர் ஒரு வெற்றியோடு அமையாது, அதே பயணத்தில் மசச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டிலும் வண்டி ஓட்டிச் சாதனைகளை நிலைநாட்டினார். 'ஒரு கட்டணம், பல பந்தயம்' என்னும் கணக்கு அக்காலத்திலேயே வழக்கிலிருந்தது.

சிமர்மனுக்கு நேர்ந்தது வேறு. அவர் 1892 இல் இங்கிலாந்து சென்று பெரும் வெற்றிகள் ஈட்டியிருந்தார். மறு ஆண்டு மீண்டும் அங்கே சென்றபொழுது, ராலே கம்பனியின் வண்டியோடும் விளம்பரத்தோடும் அவர் பெயர் பிணைக்கப்பட்டிருந்ததைக் காட்டி, ஆங்கிலச் சங்கத்தார் அவருக்கு அனுமதி மறுத்தனர். அற்லாந்திக் சமுத்திரத்தை வண்டியோடு கடந்து வந்தவர் ஓடாமல் நின்றார். அடுத்த ஆண்டே அவர் தொழில்முறை வீரராயினார் என்பதில் வியப்பில்லை.

1912 ஆம் ஆண்டு ஸ்ரொக்கோம் ஒலிம்பிக்கில், மலரன் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீண்ட வீதிப் பந்தயத்தை வென்றவரும் ஒரு தென்னாபிரிக்கரே. ருடொல்ப் லூயிஸ் என்னும் அவர் அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு மேலாக வண்டி மிதித்தார்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், 1948 ஆம் ஆண்டிலே, இப்பயணத் திட்டமிடல் என்னும் கலை தன் கடுமையான சோதனையைக் கண்டது. இலங்கை முதன்முறையாக ஒலிம்பிக்கிற் பங்குபற்றியதும், டங்கன் வைற் நானூறு மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அவ்வாண்டிலேயே. இலண்டன் மாநகரம் அப்பொழுது குண்டுவீச்சின் வடுக்கள் ஆறாத நிலையில் இருந்தது. உணவுக்குக் கூப்பன், உடைக்குக் கூப்பன். புதிய விளையாட்டரங்கு எதுவும் எழுப்பப்படவில்லை. வீரர்கள் விமானப்படை முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்கவைக்கப்பட்டனர். அவர்கள் தத்தம் துவாய்களைத் தாமே கொண்டுவரவேண்டியிருந்தது. துறைமுகத் தொழிலாளருக்கு அளிக்கப்பட்ட கூடுதலான உணவுப் பங்கீடே போட்டியாளருக்கும் அளிக்கப்பட்டது.

துவிச்சக்கர வண்டி வீரர்களுக்கு இலண்டனோடு காரியம் முடியவில்லை. ஹேர்ண் ஹில் தடத்திலே ஒலிம்பிக் போட்டிகள் ஆகஸ்ட் 11 ஆம் திகதி முடிவுற்றன; 13 ஆம் திகதி வின்சர் பூங்காவில் வீதிப் பந்தயம். அதே மாதத்தின் பிற்பகுதியில் ஒல்லாந்திலே உலகப் போட்டிகள்: வீதிப் பந்தயம் வல்கன்பேர்க்கில், தடப் போட்டிகள் அம்ஸ்ரடாமில். ஒலிம்பிக்கின் களைப்பு ஆறுமுன்னர் இன்னொரு நாட்டிலே, இன்னொரு தடத்திலே, உலகப் பட்டத்துக்காகப் போராடவேண்டும்.

இடையிலுள்ள கடல் அகலமானதன்று. இலண்டனிலிருந்து புகைவண்டியில் ஹாரிச் துறைக்குச் சென்று, இராக் கப்பலேறினால், விடிகாலையில் ஒல்லாந்துக் கரையை அடையலாம். ஆயினும் அந்த ஓரிரவுக்கு முன்னால் எத்தனை கணக்குகள்! தடத்தில் ஓடும் வண்டிக்குத் தடுப்புக் கருவி இல்லை, பற்சக்கரம் ஒன்றே. வீதியில் ஓடும் வண்டிக்குத் தடுப்புக் கருவியும் பல பற்சக்கரங்களும் வேண்டும். இருவகைப் போட்டியிலும் ஈடுபடுவோர் இரண்டு வண்டிகளைச் சுமக்கவேண்டியவர். உருளைகளைக் கழற்றி, மிதிகளை நீக்கி, கைபிடியைத் திருப்பிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாலும், புகைவண்டிப் பொதிப் பெட்டியிலே பிறர் பெட்டிகள் அதன்மேல் விழாமற் காக்க ஒருவர் கூடவே நிற்றல் நலம். வளைந்த சட்டத்தை அயலூரில் நிமிர்த்துவோர் யார்? தைத்து ஒட்டப்படும் பந்தய ரயர்கள் மெல்லியவை. ஒரு கூர்ங்கல் போதும். அவற்றிற் பலவற்றை மடித்து எடுத்துச் செல்லவேண்டும். எல்லையிலே சுங்க அதிகாரி, வண்டி விற்பனைக்கன்று, மீண்டும் நாட்டை விட்டு வெளியேறும் என்பதற்குப் பத்திரம் கேட்பார். போதாக்குறைக்கு, பிரித்தானியர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லத்தக்க பணத்துக்கு அவர்தம் அரசாங்கம் எல்லை விதித்திருந்தது. கையில் பணமிருந்தும் கொண்டுசெல்ல இயலாத காலம் அது.

இவற்றைவிடக் கடினமானது உடலைப் பற்றிய கணக்கு. உடல் ஆண்டு முழுவதும் ஒரே கூர்மையோடு இருப்பதில்லை; சாணை பிடித்த கத்தி போல, சில நாட்களே அதன் உச்சநிலை நிற்கும். அதனை முதற் பந்தயத்துக்கே செலவிடுவதா, இரண்டாவதுக்கு மிச்சம் வைப்பதா? அவ்வாண்டு இரு வீரர் இருவகை விடை அளித்தனர். இத்தாலியரான மாரியோ கெல்லா ஒலிம்பிக் விரைவோட்டத்திலும் வென்று, அம்ஸ்ரடாமில் அமெச்சூர் உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார். சுவீடன் தேசத்து ஹரி ஸ்னெல் வின்சரிலே பதக்கமின்றி நின்றவர். சின்னாட்களில் வல்கன்பேர்க்கின் ஏற்றங்களிலே அமெச்சூர் உலக வீரராயினார். வின்சரில் வென்ற பிரெஞ்சுக்காரர் ஹொசே பெயேட்டின் பயணங்களோ அங்கே முடியவில்லை. 1951 இல் கொலம்பியா நாட்டுக்கு அழைக்கப்பட்டுச் சென்று, அங்கேயே தங்கி, மறு ஆண்டு அந்நாட்டின் சுற்றுப் பந்தயத்தையும் வென்றார்.

கெல்லாவிடம் ஒலிம்பிக்கில் தோற்று வெள்ளி பெற்ற ஆங்கிலேயர் ரெஜ் ஹரிஸ் சொந்த நாட்டிலே ஓடியவர். எனினும் பயணத் தகராறு அவரையும் விடவில்லை. பயிற்சிக்கு இலண்டனில் இருக்கவேண்டும் என்று தெரிவாளர் கூற, தம் ஊர்ப்பக்கமான மன்செஸ்ரரிலேயே பயிற்சி செய்ய அவர் விரும்பினார். அணியிலிருந்து நீக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டின் முற்பகுதியில் மோட்டார் விபத்தொன்றில் முதுகெலும்பு முறிந்திருந்த மனிதர் அவர் என்பதை நினைத்தால், தெரிவாளரின் கண்டிப்பு சற்று மிகையாகவே தோன்றுகின்றது. இரட்டை வண்டிப் போட்டியின் இறுதியோட்டம், விளக்குகள் இல்லாத ஹேர்ண் ஹில்லிலே, முகம் தெரியாத மாலையிருளில் முடிந்தது. அதிலும் ஹரிஸுக்கும் அவர் துணைவருக்கும் வெள்ளியே கிடைத்தது.

ஐரோப்பியருக்கே இவ்வளவு இடரென்றால், அவுஸ்திரேலியரின் நிலை என்ன? அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போகும் அஞ்சற் கப்பல்கள் கொழும்புத் துறையில் தரித்து, ஏடன், சுயெஸ் வழியாகச் செல்வது வழக்கம். பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகும். கப்பலிலே வீதி ஏது? சுழலும் உருளைத் தண்டுகளின்மேல் வண்டியை நிறுத்தி, நின்ற இடத்திலேயே மிதிப்பதுதான் பயிற்சி. கரையேறியபின் கால்கள் பழைய நிலையை அடையச் சில வாரங்கள் வேண்டும். அவ்வாரங்களுக்கு உணவும் உறையுளும் வேண்டும். ஊரிலே சம்பளம் நின்றிருக்கும்.

அவுஸ்திரேலியாவின் கீலோங் நகரைச் சேர்ந்த ரசல் மொக்ரிட்ஜின் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கு அவரைத் தெரிந்தவர்கள், போட்டி முடிந்து இரண்டாண்டுகள் அமெச்சூராகவே இருப்பேன் என்று 750 பவுண் பிணை எழுதித் தரும்படி கேட்டனர். மொக்ரிட்ஜ் மறுத்தார். இருபக்கத்திலும் நியாயம் இருந்தது. அவுஸ்திரேலிய அணியை உலகின் மறுகோடிக்கு அனுப்பும் செலவு பெரும்பாலும் பொதுமக்கள் தந்த நன்கொடை. அப்பணத்தில் ஐரோப்பா சென்று, பதக்கம் வென்ற மறுநாளே தொழில்முறைப் பந்தயங்களில் இறங்கினால், கொடுத்தவர் மனம் நோகும். ஆனால் வீரனின் கால்களுக்கு வலிமை நிலைப்பது சில ஆண்டுகளே. அவற்றில் இரண்டைக் கப்பற் கட்டணத்துக்கு ஈடாக எழுதி வாங்குவதை நீதி என்று கூறல் அரிது. தாமும் ஒரு காலத்தில் பிரான்சின் வீதிகளில் ஓடியவரான ஹியூபேர்ட் ஒப்பர்மன் இடையிட்டுப் பேச, பிணைக்காலம் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது.

அதே கோடையில் மொக்ரிட்ஜ் பாரிஸ் பெரும்பரிசுப் போட்டியின் அமெச்சூர் பிரிவை வென்றதோடு, அனைவருக்கும் பொதுவான பிரிவில் தொழில்முறை உலக வீரரான அதே ரெஜ் ஹரிஸையும் வெற்றிகொண்டார். ஹெல்சிங்கியிலே ஜூலை 31 ஆம் திகதி ஆயிரம் மீற்றர் நேரப் போட்டியில் முதலிடம் பெற்றார். அதே நாளில் லயனல் கொக்ஸுடன் இரட்டை வண்டியில் ஏறி இரண்டாவது தங்கமும் பெற்றார். இருவரும் அதற்குமுன் இரட்டை வண்டியில் சேர்ந்து போட்டியிட்டவரல்லர்! கொக்ஸோ அன்றே தனியாள் விரைவோட்டத்தில் வெள்ளியும் பெற்றிருந்தார். பிணை முடிந்ததும் மொக்ரிட்ஜ் தொழில்முறையில் இறங்கி, 1955 இல் பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தையும் ஓடி முடித்தார். 1958 இல் மெல்பேர்ண் வீதியில் நிகழ்ந்த பந்தயமொன்றிலே பேருந்து மோதி, முப்பதாம் வயதில் மாண்டார்.

1956 இல் ஒலிம்பிக்கே அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. இப்பொழுது தொலைவைக் கணக்கிட வேண்டியவர் ஐரோப்பியர். குதிரைகளை நாட்டுக்குள் அனுமதிக்க அவுஸ்திரேலியாவின் நோய்த்தடுப்புச் சட்டம் இடந்தராமையால், குதிரைப் போட்டிகள் மட்டும் ஜூன் மாதத்திலேயே ஸ்ரொக்கோமில் நடத்தப்பட்டன. நல்லவேளை, துவிச்சக்கர வண்டிக்கு நோய் வருவதில்லை. ஒக்டோபர் இறுதியில் சுயெஸ் யுத்தம் மூண்டு கால்வாய் அடைபட்டது. ஹங்கேரியில் நடந்தவற்றைக் கண்டித்து ஒல்லாந்து முதலிய நாடுகள் போட்டியிலிருந்து விலகின. மாதக்கணக்காகத் தீட்டிய பயணத் திட்டங்கள் சில நாட்களிற் பயனற்றுப் போயின.

இத்தாலிய இளைஞர் எர்க்கோலே பல்டினி அவ்வாண்டைப் பயன்படுத்தியமை பாராட்டத்தக்கது. ஆகஸ்டில் கொப்பன்ஹேகனிலே அமெச்சூர் துரத்தற் போட்டியின் உலகப் பட்டம். செப்ரெம்பர் 19 இல் மிலான் நகரத் தடத்திலே ஒரு மணி நேரத்தில் 46.394 கிலோமீற்றர் ஓடி உலகச் சாதனை. டிசெம்பர் 7 இல் மெல்பேர்ணில் ஒலிம்பிக் வீதிப் பந்தயத்தில் தங்கம். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தோடு பந்தயங்கள் ஓய்ந்துவிடும். அதற்கு அப்பாலும் ஈரிரு மாதம் உடலைக் கூர்மை குன்றாமல் வைத்திருந்து, உலகின் மறுபக்கத்து வேனிலிலே வந்து வென்றார்.

1960 இல் மீண்டும் இரு போட்டிகள் அருகருகே வந்தன: ஆகஸ்ட் முற்பகுதியில் லைப்சிக்கில் உலகப் போட்டிகள், அம்மாத இறுதியில் உரோமாபுரியில் ஒலிம்பிக். சான்ரே கையார்டோனி இரண்டிலும் விரைவோட்டத்தை வென்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கெல்லா செய்ததைத் திரும்பச் செய்தார். லைப்சிக்கில் ஒரே வாரத்தில் துரத்தற் போட்டி, வீதிப் பந்தயம் இரண்டிலும் உலகப் பட்டம் பெற்றவர் யோக்சயரைச் சேர்ந்த பெரில் பேர்ட்டன் என்னும் அம்மையார். அவர் உரோமாபுரிக்குப் பெட்டி கட்டவேண்டியிருக்கவில்லை. ஒலிம்பிக்கிலே பெண்களுக்குத் துவிச்சக்கர வண்டிப் போட்டி 1984 வரை இல்லாமையே காரணம்.

அமெச்சூருக்கும் தொழில்முறை வீரருக்கும் இடையிலிருந்த வேலி 1990 களில் அகற்றப்பட்டது. 1996 ஆம் ஆண்டு ஜூலை 21 ஆம் திகதி பாரிஸ் நகரிலே பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை ஓடி முடித்த மிகுவேல் இந்துரைன், விமானமேறி அமெரிக்கா சென்று, ஆகஸ்ட் 3 ஆம் திகதி அற்லாந்தா ஒலிம்பிக்கில் நேரப் போட்டியின் தங்கத்தை வென்றார். இரண்டு பந்தயங்களுக்கும் இடையே பதின்மூன்று நாட்கள்; 750 பவுண் பிணை எழுதும்படி அவரை எவரும் கேட்கவில்லை.