எண்ணப்படாதவர்களை எண்ணியவர்கள்

மும்பை சீத்தா கேம்ப்பில் என் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சொல்வார்: "இது நாங்களா தேடி வந்த எடமில்லப்பா, எங்களக் கொண்டாந்து விட்ட எடம்." 1976-இல் இடிக்கப்பட்ட ஜனதா காலனி மக்களைக் குடியேற்றிய இடம் அது. அந்த இடிப்பை எதிர்த்து முன்னின்றவர், கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம்.

1984-இல் மும்பையில் 'ஸ்பார்க்' என்ற தன்னார்வ நிறுவனம் தொடங்கியது. அது ஏழைகளுக்கு உபதேசம் செய்யவில்லை; முதலில் தலைக்கணக்கு எடுத்தது. நடைபாதைவாசிகளில் சுமார் 6,000 குடும்பங்களை எண்ணி, 1985-இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம், வாழும் உரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும் என்றது. ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை. ஆக, அரசிடம் பேச அந்தக் கணக்குதான் கையிலிருந்த ஆயுதம்.

பிறகு ஜோக்கினின் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பும், பெண்களின் சேமிப்புக் குழுவான 'மகிளா மிலன்' அமைப்பும் ஸ்பார்க்குடன் கைகோத்தன. 2000-இல் ஜோக்கினுக்கு மகசேசே விருது கிடைத்தது. 2018-இல் அவர் மறைந்தார்.

தொண்டு நிறுவனங்களுக்குச் சிக்கலும் உண்டு. நன்கொடையாளர் ரெண்டு மூணு வருஷம் கெடு வைப்பார். வீடு கிடைக்கவோ பல வருஷம் ஆகும். 2020 சட்டத் திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடையை ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியாது. பெரிய நிறுவனத்தை நம்பிய சின்ன அமைப்புகள் தவிக்கின்றன.

நம் சங்கமும் ஒரு தன்னார்வ அமைப்புதானே? நம் உறுப்பினர் பட்டியலில் நடைபாதைத் தமிழர் எத்தனை பேர்? முதலில் அதை எண்ணிப் பார்ப்போம்.