கோதிக் கவிதையில் துயரும் மனவாட்டமும்

ஆங்கில இலக்கியத்திலே கோதிக் கவிதை என்றதும் நள்ளிரவும், இடிந்த மடாலயமும், ஆந்தையின் அலறலும், பேயுருவுமே கற்போர் நினைவில் எழுகின்றன. இவையாவும் அச்சத்தை விளைத்தற்கெனப் புனைந்த அணிகள் என்பதே பெரும்பாலார் கொள்கை. அக்கவிதை தோன்றிய வரலாற்றை ஆராயுமிடத்து, அச்சத்துக்கு முன்னே அங்குத் துயர் நின்றமை புலனாகும். இறந்தாரை நினைந்து வருந்துதற்கு ஓர் இடம் தேடிய புலவர் கண்ட இடமே அவ்விருண்ட சேமக்காலை.

முதற்கண் துயர், மனவாட்டம் என்னும் இரண்டனையும் வேறுபிரித்தறிதல் வேண்டும். துயர் என்பது இன்னாரை இழந்தமையால் வருவது. அதற்கு ஒரு பெயரும் ஒரு நாளும் உண்டு. மனவாட்டமோ காரணம் இதுவெனச் சுட்டமுடியாது நெஞ்சிற் படிந்து கிடப்பது. மேனாட்டுப் பழைய மருத்துவர் உடலிலே குருதி, கோழை, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நால்வகை நீர்கள் உளவென்றும், கரும்பித்தம் மிகுதலால் மனவாட்டம் உண்டாகுமென்றும் கருதினர். அதனைக் குறிக்கும் மெலன்கலி என்னும் சொல்லும் கரும்பித்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்தே பிறந்தது. றொபேட் பேட்டன் என்பார் 1621ஆம் ஆண்டில் இப்பொருள்பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார்.

இனி, அக்கால இங்கிலாந்தின் சமய நிலை நோக்கற்பாலது. பதினாறாம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்கு முன் அந்நாடு கத்தோலிக்க நாடாயிருந்தது. இறந்தவரின் ஆன்மா உத்தரிக்கும் ஸ்தலத்திலே வேதனையுறுமென்றும், உயிரோடிருப்போர் செய்யும் வேண்டுதலும் பூசையும் அதற்குத் துணையாகுமென்றும் மக்கள் நம்பினர். அத்தகைய பூசைகளுக்கெனச் செல்வர் அறக்கட்டளைகளை நிறுவினர். ஆறாம் எட்வேட் மன்னன் காலத்தில், 1547இல், இயற்றப்பட்ட சட்டம் அவற்றை ஒழித்தது. சீர்திருத்தச் சபையின் கொள்கைப்படி, இறந்தவரின் ஆன்மாவுக்காக உயிரோடிருப்போர் செய்யத்தக்கது யாதுமில்லை. அடக்கச் சடங்குடன் கடன் முடிந்தது. ஆயின் துயர் முடியவில்லை. இருநூறாண்டின் பின் எழுந்த சேமக்காலைப் பாட்டுக்களுக்கு இஃதொன்றே காரணம் எனல் மிகையாகும். எனினும், அவற்றை முதலிற் பாடியவருட் சிறந்தார் மூவரும் சீர்திருத்தச் சபைகளின் குருமாராயிருந்தமை கருதத்தக்கது.

அம்மூவருள் முற்பட்டவர் அயர்லாந்தைச் சேர்ந்த தோமஸ் பானெல். மரணத்தைப்பற்றி அவர் பாடிய இராக்காலப் பாட்டு, 1718இல் அவர் இறந்தபின்னரே அச்சேறியது. அடுத்தவர் எட்வேட் யங். மனைவியையும், அவளுடைய மகளையும், அம்மகளின் கணவனையும் சில ஆண்டுகளுக்குள்ளே இழந்த அவர், 1742 தொடங்கி 1745 வரை ஒன்பது பகுதிகளாக ‘இராச் சிந்தனைகள்’ என்னும் நெடும்பாட்டை வெளியிட்டார். ஸ்கொத்லாந்துக் குருவாகிய றொபேட் பிளேயர் ‘கல்லறை’ என்னும் பாட்டை 1743இல் வெளியிட்டார். துயரைப் போதனையாக மாற்றுதலே இவர்தம் நோக்கம். மரணத்தின் கொடுமையை விரித்துக்காட்டி, மறுமை நம்பிக்கையிற் கேட்போரை நிறுத்த முயன்றனர். அதனால் இறந்த இன்னார் மறைய, மரணம் என்னும் பொதுப்பொருளே எஞ்சுகின்றது.

தோமஸ் கிறே இவரின் வேறானவர். ஈற்றன் கல்லூரியில் அவருக்கு உற்ற நண்பராயிருந்தவர் றிச்சட் வெஸ்ற். கிறே தாம் இயற்றிய பாட்டொன்றைக் கடிதத்துடன் நண்பருக்கு அனுப்ப, அக்கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. 1742 யூன் முதலாந் திகதி வெஸ்ற் காலமாகியிருந்தார். அவ்வாண்டிலே கிறே பாடிய பதினான்கடிக் கையறுநிலைப் பாட்டு அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. விடியலும் பறவைகளின் பாடலும் தமக்குப் பயனிலவாயினமையும், அழுகை பயனற்றதென்னும் உணர்வே அழுகையை வளர்த்தமையும் அதன் பொருள். பிற்காலத்தில் வேட்ஸ்வேத், 1800இல் எழுதிய முன்னுரையிலே, அப்பாட்டின் அணிமிக்க அடிகளை ஒதுக்கி, துயரை எளிய மொழியிற் கூறும் ஐந்தடிகளையே மதிக்கத்தக்கனவெனக் கொண்டார்.

1751இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த கிறேயின் ‘நாட்டுப்புறச் சேமக்காலை’ இரங்கற்பா உலகறிந்தது. அதன் முன்வடிவம் ஈற்றன் கல்லூரியில் கையெழுத்துப் படியாகப் பேணப்பட்டுள்ளது. அதில் ஏழைக் கிராமத்தவரின் கல்லறைகளை நோக்கிய புலவர், ஆரவாரமற்ற வாழ்வை ஏற்று அமைதியுறுகின்றார். கிறே அம்முடிவை நீக்கிவிட்டார். அச்சான வடிவிலே இளைஞனொருவனின் மறைவை முதிய நாட்டுப்புறத்தான் கூற, அவன் கல்லறை எழுத்துடன் பாட்டு முடிகின்றது. அவ்வெழுத்து அவனை மனவாட்டத்துக்கு உரியவனென்கிறது. அவன் ஒரு நண்பனைப் பெற்றமையையும் குறிக்கின்றது. பொதுவான மனவாட்டத்திலே தொடங்கிய பாட்டு, ஒருவனை ஒருவன் நினைத்தல் என்னும் தனித்துயருக்கு மீள்கின்றது. அதன் ஆற்றல் இத்திருப்பத்திலேயே உளது.

இப்பாட்டைக் கையெழுத்துப் படியாக நண்பரிடையே பரப்பிய ஹொறேஸ் வால்போலே, 1764இல் ‘ஒற்றான்றோக் கோட்டை’ என்னும் கதையை வெளியிட்டு, 1765இன் இரண்டாம் பதிப்பில் அதனைக் கோதிக் கதை என அழைத்தார். அதன்பின் இரவும் இடிபாடும் அச்சத்துக்குரிய அரங்காயின. அமெரிக்கப் புலவர் எட்கர் அலன் போ, தமது காகப் பாட்டைக் கணக்கிட்டு அமைத்தவாற்றை 1846இல் கட்டுரையாக விளக்கி, அழகிய மாதொருத்தியின் மரணமே கவிதைக்கு மிகச் சிறந்த பொருள் என்றார். அடுத்த ஆண்டு சனவரியிலே அவர் மனைவி வேர்ஜினியா காசநோயால் இறந்தார். கணக்கிட்டு வருவிக்கும் மனவாட்டம் வேறு. வாயிலிலே வந்து நிற்கும் துயர் வேறு.

ஆதலின், கோதிக் கவிதையைக் கற்போர் அதன் இருளைமட்டும் நோக்காது, அவ்விருளினுள்ளே இழக்கப்பட்டவர் யார் என வினாவுதல் வேண்டும். விடை கிடைக்குமிடத்து அங்குத் துயர் உளது. கிடையாவிடத்து எஞ்சுவது பெரும்பாலும் அணியே. கிறேயின் தாய் 1753இல் இறந்தபோது, ஸ்ரோக் போஜிஸ் கிராமத்துச் சேமக்காலையிலுள்ள கல்லறைக்கு அவரே வாசகம் எழுதினார். பல பிள்ளைகளைப் பெற்ற அத்தாய்க்குப்பின் உயிரோடிருக்கும் தீயூழ் ஒரு பிள்ளைக்கே நேர்ந்ததென்பது அதன் கருத்து. அதிலே இரவில்லை; ஆந்தையில்லை; இடிந்த கோபுரமும் இல்லை. 1771இல் அம்மகனும் அதே கல்லறையில் அடக்கஞ் செய்யப்பட்டார்.