தொலைவிலிருந்து இயந்திரம் காத்தல்



பந்திங் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்தில் இரவு வேலை பார்க்கிறார். அவருடைய தாயார் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஒரு நாள் அந்த அம்மா என்னைப் பார்த்து, "சார், மிஷின பாத்துக்கிற வேலைன்னு சொல்றான். ஆனா மிஷின் இருக்கிற ரூமுக்குள்ளயே போறது இல்லையாம். அது என்னா சார் வேலை?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அதற்குரிய பதிலில் நூற்றைம்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பந்திங்கிலிருந்து டிங்கில் வழியாகப் போனால் சைபர்ஜெயாவும் புத்ராஜெயாவும் வரும். அந்தப் பக்கமெல்லாம் முன்பு தோட்டங்கள். புத்ராஜெயா இருக்குமிடத்தில் பெராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கில அதிகாரிகள் அதைத் தொடங்கியதால், 'பெரும் போர்' என்ற பொருளில் மலாய்ப் பெயர் வைத்தார்கள். பிபி 86 என்ற ரப்பர் மர வகையை நம் மூத்தவர்கள் அறிவார்கள். அந்தப் 'பிபி' பெராங் பெசாரைக் குறிப்பதுதான். 1995-இல் அங்கே புதிய நிர்வாகத் தலைநகரின் வேலை தொடங்கியது. தோட்டத்தில் வாழ்ந்த நம் குடும்பங்கள் டிங்கில் பக்கம் குடிபெயர்ந்தன. தரை வீட்டுக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தன. பக்கத்திலேயே 1997-இல் சைபர்ஜெயா உருவாகத் தொடங்கியது. பெற்றோர் உழைத்த மண்ணின் அருகிலேயே இன்று பிள்ளைகள் கணினிகளுக்குக் காவலிருக்கிறார்கள்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஓரிடத்தில் இருந்துகொண்டு இன்னோரிடத்துக் கருவியை இயக்குவது தந்தியோடு தொடங்கியது. 1871-இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களைக் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. நம் முன்னோர் கப்பலில் பல நாள் கடந்து வந்த அதே வங்கக்கடலைச் செய்தி சில நிமிடங்களில் கடந்தது. பிறகு தந்திக் குறிகளை எழுத்தாகவே அச்சடிக்கும் 'டெலிடைப்' என்னும் தொலை அச்சுப்பொறி வந்தது. ஒரு முனையில் விசையை அழுத்தினால் மறுமுனையில் எழுத்து விழும்.

கணினி வந்தபோது அதனோடு பேச ஒரு வாயும் காதும் தேவைப்பட்டன. பொறியாளர்கள் கைக்கெட்டிய டெலிடைப்பையே எடுத்து இணைத்தார்கள். அந்த இருக்கைக்குத்தான் 'கன்சோல்' என்று பெயர். நம் நாட்டின் முதல் கணினி, 1966-இல் தேசிய மின்சார வாரியத்தில் நிறுவப்பட்ட ஐபிஎம் 1401 என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். அக்காலத்தில் கணினியைக் கவனிப்பவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இத்தகைய கருவிகளுக்கும், அவற்றைத் தொலைபேசி வழியோடு இணைக்கும் 'மோடம்' பெட்டிகளுக்கும் இடையே எத்தனை கம்பி, எந்தக் கம்பியில் எந்தக் குறி என்று 1960-இல் அமெரிக்காவில் ஒரு விதி வகுத்தார்கள். ஆர்.எஸ்.232 என்பது அதன் பெயர். அறுபது ஆண்டு கடந்தும் அதன் வழிமுறை இன்னும் மறையவில்லை.

இயந்திரங்கள் நூறாகவும் ஆயிரமாகவும் பெருகியபோது ஒவ்வொன்றுக்கும் ஒருவரை உட்கார வைக்க முடியவில்லை. ஆகவே எல்லா இயந்திரங்களின் கன்சோல் கம்பிகளையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தப் பெட்டிதான் 'கன்சோல் சர்வர்'. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தெட்டு என அதில் துளைகள் இருக்கும். ஒரு துளைக்கு ஓர் இயந்திரம். காவலர் எங்கிருந்தாலும் அந்தப் பெட்டியை அழைத்து, "ஏழாம் துளையில் இருப்பவனோடு பேச வேண்டும்" என்று கேட்கலாம். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதும் ஆள் குரல் கொடுப்பது போல, அந்த இயந்திரம் பதில் தரும். தாயார் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. மகன் அறைக்குள் போகாமலேயே ஒவ்வோர் இயந்திரத்தின் வாசலிலும் நிற்கிறார்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்ல வேண்டும்? 2021 அக்டோபர் 4-ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையையே அறுத்துவிட்டது. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் அப்போது உதவவில்லை என்று அந்நிறுவனமே விளக்கம் தந்தது. கடைசியில் பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 8-இல், கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனத்தின் தொலைபேசியும் இணையமும் நின்று, ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவதிப்பட்டனர். பழுதுபார்க்கும் வழியும் பழுதான வலையையே நம்பியிருந்ததால், ஊழியர்களால் உடனே உள்ளே நுழைய முடியவில்லை.

இதிலிருந்து முதல் பாடம் கிடைக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தை டிங்கில் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெரிய சாலை மூழ்கும்போது, மேட்டு வழியாகப் போகும் தோட்டப் பாதைதான் கைகொடுக்கும். அந்தப் பாதையும் அதே பள்ளத்தில் இறங்கினால் பயன் என்ன? ஆகவே கன்சோல் சர்வரைத் தேர்ந்தெடுப்பவர், அதை அடைய முதன்மை வலையைச் சாராத வேறொரு வழி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கைப்பேசி வலை வழியாக நுழையும் வசதி அதனால்தான் வேண்டும். மின்சாரமும் இரண்டு வழியில் வர வேண்டும்.

இரண்டாவது பாடம் பூட்டு பற்றியது. 1969-இல் பிறந்த 'டெல்நெட்' முறையில் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியது போலத் திறந்தே போகும். 1995-இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் திருடப்பட்டன. அதன் பிறகு தாத்து இலோனென் என்பவர் 'எஸ்எஸ்எச்' முறையை உருவாக்கினார். இது முத்திரையிட்ட உறை. எல்லா இயந்திரங்களுக்கும் வாசலான பெட்டிக்கு இந்த உறையே தகும், அஞ்சலட்டை ஆகாது.

மூன்றாவது, கணக்குப் புத்தகம். இயந்திரம் விழுவதற்கு முன் கடைசியாகச் சொன்ன சொற்களைப் பெட்டி எழுதிவைக்க வேண்டும். யார், எப்போது நுழைந்தார், என்ன செய்தார் என்பதும் பதிவாக வேண்டும். செக்ரோல் இல்லாத தோட்டத்தில் யார் வேலை செய்தார் என்று எப்படிச் சொல்வது?

நான்காவது, சிறிய விஷயம். ஆனால் பலரைக் கவிழ்த்தது. சன் நிறுவனக் கணினிகளுக்குக் கன்சோல் வழியாக 'பிரேக்' என்றொரு குறி போனால், ஓடிக்கொண்டிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். சில பழைய பெட்டிகளை அணைத்து ஏற்றினாலே அந்தக் குறி தானாகப் போய்விடும். காவல் பெட்டியின் மின்சாரம் போனதால் நல்ல கணினிகளும் நின்ற கதை இதுதான். கம்பியிலும் கவனம் தேவை. முனை ஒன்று போலிருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாங்குமுன் ஓர் இயந்திரத்தோடு இணைத்துச் சோதித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

நேயர்களே, இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்த பெட்டி, ஆண்டு முழுவதும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஒரே ஓர் இரவுக்காகத்தான் அது காத்திருக்கிறது. அந்த இரவில் அதைத் திறக்கத் தெரிந்த ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான்: "அம்மா, உங்க மகன் வேலை வயர்மேன் வேலை மாதிரி. ஊரே தூங்குறப்ப அவன் முழிச்சிருக்கான்."

நம் பிள்ளைகளில் இன்னும் பலர் அந்த இடத்துக்குப் போகலாம். அறிவியலையும் கணக்கையும் கைவிடாமல் படிக்க வேண்டும். கட்டளையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுக் கொடுக்கும் பொறுமை வேண்டும். பிசகாமல் பட்டை வெட்டிய கைகளுக்கு அந்தப் பொறுமை புதிதல்ல. மரத்துக்குக் காயம் படாமல் வெட்டக் கற்ற தாயின் பிள்ளை அதைக் கற்காமலா போவான்?